கையும் தீர்மானமும்: கால்நடைச் சிகிச்சையில் துணைநிற்போருக்குச் சட்டம் இடும் எல்லை

மனிதருக்குச் செய்யும் சிகிச்சைக்கும் பிராணிகளுக்குச் செய்யும் சிகிச்சைக்கும் இடையே உள்ள வேற்றுமைகளில், பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு. மனிதரைக் கவனிக்கும் வைத்தியர் தம் அறையில் தனியே அமர்ந்தபடியே அநேகம் நோயாளிகளைப் பார்த்து அனுப்பிவிடலாம். கால்நடை மருத்துவரோ, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரு மாட்டின் வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பதற்குக்கூட வேறொருவர் கொம்பைப் பிடித்தாக வேண்டும். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பவர், வாலை ஒதுக்குபவர், கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவிடத்தில் மருத்துவர் கட்டிக்கொடுத்த கயிற்றை அவர் சொல்லும்போது மட்டும் இழுப்பவர் என்று, இந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே பல கைகள் கூடிச் செய்யும் தொழிலாக இருந்து வருகிறது. ஆகையால் 'மருத்துவரைத் தவிர வேறு எவரும் நோயுற்ற பிராணியைத் தொடலாகாது' என்று எந்தச் சட்டமும் சொல்லிவிட முடியாது. உதவி எந்த இடத்தில் முடிகிறது, சிகிச்சை எந்த இடத்தில் தொடங்குகிறது, அந்த இடத்தை யார் எதைக்கொண்டு நிர்ணயிப்பது என்பதே சட்டத்தின் முன் நிற்கும் கேள்வி. இந்தியச் சட்டம் இதற்கு அளித்திருக்கும் விடையையும், அவ்விடை தெளிவாக நிற்கும் இடங்களையும், தடுமாறும் இடங்களையும், பிற தேசங்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டுச் சட்டத்தின் கருத்துகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவையாதலால், அங்கிருந்து தொடங்குவது முறையாகும். லண்டனில் 1791-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 1844-ல் அரச சாசனத்தின் மூலம் அத்தொழிலுக்கென ஓர் உயர் ஸ்தாபனம் உருவாயிற்று. 1881-ல் முதற்சட்டம் பிறந்தது. ஆனால் அந்த முதற்சட்டம் காத்தது பட்டத்தை மாத்திரமே. கல்லூரியில் படிக்காத ஒருவர் தம்மைக் கால்நடை மருத்துவர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாதே தவிர, லாடக்காரரோ ஊர் வைத்தியரோ குதிரைக்கு மருந்து கொடுப்பதற்கு அதில் தடை ஏதும் இல்லை. பெயரைக் காத்த சட்டம் தொழிலையே காக்கும் சட்டமாக மாறுவதற்கு 1948 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் 1966-ல் இயற்றப்பட்ட சட்டந்தான் இன்றளவும் அங்கே நடைமுறையில் இருப்பது. அதன் பத்தொன்பதாம் பிரிவு மருத்துவரல்லாதார் சிகிச்சை செய்வதைத் தடுக்கிறது. மூன்றாம் அட்டவணையோ அத்தடைக்குரிய விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. தடையைச் சொல்வது எளிது, விலக்குகளைச் சொல்வதே அரிது என்பதை அந்த அட்டவணையைப் படிப்பவர் எவரும் உணர்வர்.

நம் நாட்டில் இந்தக் கல்வியின் தொன்மை குறைவானதன்று. சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989-ல் தனிப் பல்கலைக்கழகமாக விரிந்து, அவ்வகையில் இந்தியாவிலேயே முதலாவது என்ற பெருமையைப் பெற்றது. ஆனால் கல்வி முந்திக்கொள்ள, சட்டம் பிந்தியே வந்தது. அரசியல் சாசனத்தில் கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாநிலங்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தமையால், நாடாளுமன்றம் தானாக முன்வந்து அனைத்திந்தியச் சட்டம் செய்ய இயலவில்லை; மாநிலச் சட்டசபைகள் சில தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பிறகே 1984-ல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டு, மற்ற மாநிலங்கள் அதைப் படிப்படியாக ஏற்றன.

முப்பதாம் பிரிவு

அச்சட்டத்தின் முப்பதாம் பிரிவே நம் விஷயத்திற்கு ஆதாரம். பதிவேட்டில் பெயர் பெற்ற மருத்துவருக்கே உரியவை என்று அப்பிரிவு நான்கு உரிமைகளை ஒதுக்குகிறது. அரசாங்கத்திலும் உள்ளாட்சி ஸ்தாபனங்களிலும் கால்நடை மருத்துவர் பதவி வகிப்பது ஒன்று. எந்த மாநிலத்திலும் கால்நடை மருத்துவத் தொழில் செய்வது இரண்டு. சட்டப்படி வேண்டப்படும் மருத்துவச் சான்றிதழில் கையொப்பமிடுவது மூன்று. நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்வது நான்கு. சான்றிதழும் சாட்சியமும் சிகிச்சையே அல்லவே, அவற்றை ஏன் தொழிலோடு சேர்த்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். காப்பீடு செய்த கறவை மாடு செத்துப்போனால், அதன் சாவுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் கொண்டுதான் அந்த ஏழைக் குடும்பத்திற்குப் பணம் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே விலை பெறுவது மருத்துவரின் கைத்திறன் அன்று. அவருடைய தீர்மானமும், அத்தீர்மானத்திற்கு அவர் ஏற்கும் பொறுப்புமே.

இத்தடைக்கு அப்பிரிவே ஒரு வாயிலும் வைத்திருக்கிறது. கால்நடைத் துறையிலோ கால்நடை மருத்துவ நிறுவனத்திலோ பட்டயமோ சான்றிதழோ பெற்ற மேற்பார்வையாளர், கால்நடை உதவியாளர் முதலானோர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் 'சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்' செய்வதற்கு மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது அது. சிறு சேவை என்பது முதலுதவி போன்றது என்று விளக்கி, தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் ஆகிய மூன்றை எடுத்துக்காட்டாகக் கூறி, மேலும் எவற்றைச் சேர்க்கலாம் என்பதை மாநில அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருந்தகத்திற்குப் போகிறவர்கள் காணும் மூவர், கால்நடை உதவி மருத்துவர், கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் ஆகியோர். இவர்களில் முதல்வரை நீக்கி மற்ற இருவரும் என்ன செய்யலாம் என்பதற்கு வேர் இந்த வாசகத்தில்தான் இருக்கிறது.

சான்றிதழ் மட்டும் பெற்றுப் பல காலம் வைத்தியம் செய்து பழகியவர்கள், இச்சட்டம் தங்கள் ஜீவனோபாயத்தைப் பறிக்கிறதென்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரையில் சென்றார்கள். 2007-ல் தீர்ப்பளித்த நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. தொழில் செய்யும் உரிமை அரசியல் சாசனம் தந்ததேயானாலும், அதற்குத் தகுதி இன்னதென்று விதிக்கும் அதிகாரமும் அதே சாசனம் சட்டசபைக்குத் தந்ததுதான் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே எல்லை இடலாமா என்ற கேள்வி முடிந்துபோயிற்று. எல்லையை எங்கே இடுவது என்ற கேள்வியே எஞ்சி நிற்கிறது.

சிறியதென்று சொல்லப்பட்ட மூன்று

சட்டம் எடுத்துக்காட்டிய மூன்றும் உண்மையில் சிறியவைதாமா என்று பார்ப்போம். புண்ணைக் கழுவி மருந்திட்டுக் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழகிய உதவியாளர் செய்தால் மருத்துவர் செய்வதைப் போலவே ஆறும்.

காயடித்தல் அப்படி அன்று. பர்டிசோ இடுக்கியைக் கொண்டு காளைக் கன்றுக்குக் காயடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது நிமிஷ நேரத்து வேலையாகத் தோன்றும். தோல் கிழிவதில்லை, இரத்தம் சிந்துவதில்லை, உள்ளே ஓடும் விந்து நாண் மாத்திரம் நசுக்கப்படுகிறது. ஆனால் அந்த இடுக்கியைப் பிடிப்பவர் இரண்டு நாண்களையும் ஒருசேரப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். நசுக்கிய தடங்கள் இரண்டும் ஒரே கோடாக இணைந்துவிடாதபடி, ஒன்றைச் சற்று மேலும் மற்றொன்றைச் சற்றுக் கீழுமாக வைக்க வேண்டும். இணைந்துவிட்டால் இரத்தவோட்டம் தடைப்பட்டு விதைப்பையே அழுகி விழும். இவ்வளவும் கைப்பழக்கம், நல்ல உதவியாளர் மருத்துவரைவிடவும் லாகவமாகச் செய்துவிடுவார். இதற்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பைக்குள் இருப்பது விதை மாத்திரந்தானா, அன்றிக் குடலும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து அறிய வேண்டும். குடலிறக்கம் உள்ள கன்றின்மேல் இடுக்கியை அழுத்தினால் நாணோடு குடலும் நசுங்கும். அபாயம் அழுத்தும் கையைவிட, 'அழுத்தலாம்' என்று முடிவு செய்வதிலேயே அதிகம் இருக்கிறது.

தடுப்பூசியும் இவ்வாறே. கோமாரி நோய்த் தடுப்பு மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் காத்துக் கொண்டுவந்து, பட்டி பட்டியாகச் சென்று போடுவது, 2019-ல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான மாடுகளுக்கு நடக்கும் காரியம். அதை மருத்துவர்கள் மாத்திரமே செய்வதென்றால் ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்குரிய காலம் வந்துவிடும். ஆனால் அதே திட்டத்தில், நான்கு முதல் எட்டு மாதமான கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது. ஊசி தவறிப் போடுபவரின் விரலில் குத்திவிட்டால், அவரையே நோய் பற்றக்கூடும். சினை மாட்டுக்குப் போட்டுவிட்டால் கரு கலையும். ஆக, 'தடுப்பூசி' என்ற ஒரே சொல்லுக்குள் எவரும் பழகிச் செய்யத்தக்கதும், பயிற்சியும் பாதுகாப்பும் இன்றித் தொடத்தகாததும் அடங்கியிருக்கின்றன. செயலின் பெயரை வைத்துப் பட்டியல் போடும் முறையிலேயே இந்தக் குறை இருக்கிறது.

இந்தக் குறையை உணர்ந்தோ உணராமலோ, அண்மையில் வேறொரு சட்டத்தின் வழியாகப் புதிய விதி வந்து சேர்ந்திருக்கிறது. 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்குக் குத்துதல் ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் அவை வதை ஆகா என்று விலக்கு அளித்திருந்தது. அந்த முறை யாதென்று பல்லாண்டுகள் விதிக்கப்படாமலே கிடந்தது. 2023-ல் வெளியான விதிகளோ, காயடித்தல் முதலானவற்றை மரத்துப்போகச் செய்யும் மருந்தளித்து, பதிவு பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்கின்றன. பிராணியின் வேதனையைக் குறைக்கும் இந்த நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் 1984-ம் வருஷத்துச் சட்டம் உதவியாளருக்குத் திறந்துவிட்ட கதவுகளில் ஒன்றை 2023-ம் வருஷத்து விதி சாத்துகிறது. இரண்டையும் ஒருங்கே வாசிக்கும் கிராமத்துக் கால்நடை ஆய்வாளர், தம் பையில் உள்ள இடுக்கியை எடுக்கலாமா கூடாதா என்று எப்படி அறிவார்? ஒரே செயலைப் பற்றி இரண்டு சட்டங்கள் இரண்டு குரலில் பேசுவது, எந்தக் குரல் நியாயமானதாக இருந்தாலும், சட்ட பரிபாலனத்துக்கு அழகன்று.

மேற்பார்வை என்னும் வெற்றிடம்

பட்டியலைக் காட்டிலும் பெரிய குறை வேறோரிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். 'மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும்' என்று முப்பதாம் பிரிவு கூறுகிறது. மேற்பார்வை என்றால் என்ன என்று அது கூறவில்லை. மருத்துவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா, அதே கட்டடத்தில் இருந்தால் போதுமா, பல கல் தொலைவிலிருந்து தொலைபேசியில் சொன்னாலும் ஆகுமா, அல்லது மாதம் ஒருமுறை பதிவேட்டில் கையொப்பமிட்டாலே மேற்பார்வை ஆகிவிடுமா? கால்நடை ஆய்வாளர் ஒருவர் கிளை நிலையத்தில் தனியே அமர்ந்திருக்கிறார். அவருக்கு மேலே உள்ள மருத்துவர் வேறொரு ஊர் மருந்தகத்தில் இருக்கிறார். காலையில் கழிச்சலோடு ஓர் ஆடும், வயிறு உப்பிய ஒரு மாடும், மூன்று நாளாகத் தீனி எடுக்காத ஓர் எருமையும் வந்து நின்றால், சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது யாது என்பதை அச்சட்டத்தின் எந்தப் பக்கத்தைப் புரட்டியும் அவர் தெரிந்துகொள்ள முடியாது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் இரக்கமற்றவர் என்ற பெயர். ஊசி போட்டால் எல்லை கடந்தவர் என்ற பழி. பெரும்பாலும் அவர் போடுகிறார். ஒன்றும் நேராதவரையில் எவரும் கேட்பதில்லை. நேர்ந்துவிட்டால் சட்டம் முழுவதும் அவர் தலைமேல் வந்து இறங்குகிறது.

இங்கிலாந்தில் இந்த இடத்தை அடைத்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அங்கே 1991 முதல் கால்நடைச் செவிலியருக்குச் சட்டத்தில் தனியிடம் உண்டு. மருத்துவத்தை நெறிப்படுத்தும் ஸ்தாபனம் அவர்கள் விஷயத்தில் மூன்று படிகளை வகுத்திருக்கிறது. இன்னது செய் என்று மருத்துவர் பணித்துவிட்டு அவ்விடத்தில் இல்லாமலும் இருக்கலாம் என்பது முதற்படி. அதே கட்டடத்தில் இருந்து, அழைத்தால் உடனே வர வேண்டும் என்பது இரண்டாம் படி. கூடவே நின்று, வேறெதிலும் கவனம் செலுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது மூன்றாம் படி. பதிவு பெற்ற செவிலியருக்கு முதற்படி போதுமான இடத்தில், பயிலும் மாணவருக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வேண்டும். செய்பவரின் தகுதியும் செயலின் அபாயமும் கூடுவதற்கும் குறைவதற்கும் ஏற்ப மேற்பார்வையின் நெருக்கமும் மாறுகிறது.

மயக்க மருந்தைப் பற்றிய அவர்களுடைய விதி இன்னும் நுட்பமானது. பிராணி மயக்கத்தைத் தாங்குமா என்று ஆராய்வதும், எந்த மருந்து, எவ்வளவு என்று நிர்ணயிப்பதும் மருத்துவருடையவை. அளவு குறிக்கப்பட்ட மருந்தைச் செலுத்தி மயக்கத்தைத் தொடங்குவது செவிலியரும் செய்யத்தக்கது. ஆனால் பிராணி எப்பொழுது மயங்குகிறதென்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகச் செலுத்தி மயக்கத்தைத் தொடங்குவது அவருக்குரியதன்று. இரண்டிலும் ஊசி ஒன்றே, மருந்து ஒன்றே, அதைப் பிடிக்கும் கையும் ஒன்றே. முதலாவதில் தீர்மானம் முன்பே முடிந்துவிட்டது, இரண்டாவதில் அது துளிக்குத் துளி நடந்துகொண்டிருக்கிறது. எல்லையை எங்கே இடுவது என்ற கேள்விக்கு இதைக்காட்டிலும் தெளிவான விடை நான் கண்டதில்லை. கையைப் பகிர்ந்துகொள்ளலாம், தீர்மானத்தைப் பகிர்ந்துகொள்ள இயலாது.

உடைமையாளரின் உரிமை

மருத்துவரும் உதவியாளரும் நீங்கலாக மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பிராணியின் உடைமையாளர். இங்கிலாந்தின் மூன்றாம் அட்டவணை, உடைமையாளரும் அவர் வீட்டாரும் அவரிடம் வேலை செய்பவரும் சிறு சிகிச்சை செய்வதையும், உயிரைக் காக்கவோ வேதனையைத் தணிக்கவோ அவசர நிலையில் எவரும் முதலுதவி செய்வதையும் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. நம் சட்டம் இவரைப் பற்றித் தனியே பேசவில்லை; தொழில் செய்வதையே அது தடுப்பதால், தன் மாட்டுக்குத் தானே கை வைத்தியம் பார்ப்பவரை அது தொடாது என்று கொள்வதே பொருத்தம். மடிநோய் கண்ட மாட்டுக்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமே இன்று பரப்பி வருகிறது. இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவசரத்தையும் அவ்வாறே கொள்ள வேண்டும். வயிறு உப்பி மூச்சு முட்டும் மாட்டுக்கு இடப்பக்க விலாப்பள்ளத்தில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றாவிட்டால் மருத்துவர் வந்து சேருமுன் அது செத்துவிடும் என்ற நிலையில், துணிந்து துளையிட்டவரைத் தண்டிக்கும் சட்டம் நியாயமான சட்டம் ஆகாது.

ஆயினும் உடைமையாளரின் அன்பே அபாயமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் பூனைக்கு, வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலில் அரை வில்லையைக் கொடுத்தால் போதும், அதன் உயிருக்கே ஆபத்து; அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இதைத் தண்டனையால் தடுக்க முடியாது. மருந்துக் கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் அறியச் செய்வதால் மட்டுமே தடுக்க முடியும்.

சினை ஊசி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கால்நடை மருத்துவம் என்ற பெயரில் மிக அதிகமாக நடக்கும் காரியம் சினை ஊசி போடுவது. இது நோய்க்குச் செய்யும் சிகிச்சை அன்று; ஆயினும் உடலின் உட்புறத்தில் கருவியைச் செலுத்தும் செயல். பசுவின் மலக்குடலுக்குள் ஒரு கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் விந்துக் குழாயைச் செலுத்தும் இந்த நுட்பம், பழகினால் பட்டப்படிப்பு இல்லாதவருக்கும் கைவரும் என்பதை அனுபவம் காட்டிவிட்டது. 1967-ல் மணிபாய் தேசாய் தொடங்கிய பைஃப் என்னும் ஸ்தாபனம் இந்தச் சேவையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. இன்று மத்திய அரசின் 'மைத்ரி' திட்டத்தில் கிராமத்து இளைஞர்கள் மூன்று மாதப் பயிற்சி பெற்று இதைச் செய்கிறார்கள். 2019-ல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட மாட்டினப் பெருக்கச் சட்டம், விந்து நிலையங்களோடு சினை ஊசி போடுபவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர முற்பட்டது. மருத்துவரல்லாதார் விஷயத்தில் இது சரியான வழி: ஒரு செயலைத் தனியே எடுத்து, அதற்கென்று பயிற்சி கொடுத்து, செய்பவரின் பெயரைப் பதிந்து, தவறினால் நீக்கும் அதிகாரத்தையும் வைத்துக்கொள்வது. ஆனால் மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத பசுவுக்கு என்ன குறை என்று சொல்வது நோய் நிர்ணயம். அந்த இடத்தில் அவர் நின்றுகொள்ள வேண்டும். பைக்குள் ஹார்மோன் ஊசி இருக்கிறதென்பதற்காக அதையும் போட்டுப் பார்ப்பவர், தம் எல்லையைக் கடந்துவிட்டார்.

மருந்தின் வழியே விரியும் தீங்கு

பட்டம் இல்லாதவர் சிகிச்சை செய்வதால் தீங்கு நேர்ந்தாலும், அது ஒரு மாட்டோடு முடிந்துபோகிற நஷ்டந்தானே என்று எண்ணுவோர் உண்டு. அது பிழையான எண்ணம். கன்று போட்ட மறுநாள், காது சில்லிட்டுக் கழுத்தை ஒருபுறம் மடக்கிப் படுத்துவிட்ட பசுவைக் கண்டால், கால்சியம் ஏற்ற வேண்டும் என்று பால் கறப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நரம்பு வழியே அவசரமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும் என்பதையும், படுத்த பசுவெல்லாம் கால்சியக் குறையால் படுத்தவை அல்ல என்பதையும் அறிந்தவர் சிலரே. அவ்வாறே ஜைலசின் என்னும் மயக்க மருந்தில், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரையின் கணக்கை மாட்டுக்குப் போட்டவர் அதைக் கொன்றுவிடக்கூடும். இவை அந்தந்தப் பிராணிக்கு நேரும் தீங்குகள்.

டைகுளோபினாக் என்னும் வலிநிவாரணியின் கதையோ நாடு முழுவதையும் தொட்டது. மலிவான அந்த ஊசியைக் கால்நடைகளுக்குத் தாராளமாகப் போட்டதன் விளைவாக, இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து, சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. 2006-ல் கால்நடை உபயோகத்திற்கு அது தடை செய்யப்பட்ட பின்பும், மனிதருக்கென்று விற்கும் பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்காததால், 2015-ல் மனித மருந்தையே 3 மில்லி கொண்ட ஒற்றைப் புட்டியாக விற்க வேண்டும் என்று விதித்தார்கள். அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தள்ளுபடி செய்தது. நீலகிரியை அடுத்த மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள் இந்தக் கட்டுப்பாட்டினால் பயன் பெறுபவை. பட்டம் பெற்ற மருத்துவர்களும் அம்மருந்தை எழுதினார்கள் என்பது மெய்யே. ஆனால் மருத்துவருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பித் தடுத்துவிடலாம். பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரைத் தடுக்கப் புட்டியைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

நகரத்துப் புதிய பிரச்சினை

நாயும் பூனையும் வளர்க்கும் நகரத்து வீடுகள் பெருகியதால், தனியார் சிகிச்சை நிலையங்களில் வேறொரு வகை உதவியாளர் தோன்றியிருக்கிறார். சலைன் ஏற்றுவது, இரத்தம் எடுப்பது, அறுவைச் சிகிச்சையின்போது மயக்கத்தைக் கவனிப்பது எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. அவருக்கென்று நம் சட்டத்தில் பெயருமில்லை, பதிவேடுமில்லை. முப்பதாம் பிரிவு நினைத்தது அரசாங்கத்தின் கிராமத்து உதவியாளரை மட்டுமே. எதிர்த்திசையில் மிக வேகமாகச் சென்ற இடமும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து, மருத்துவருக்கும் உதவியாளருக்கும் இடைப்பட்ட ஒரு புதிய தொழிலரை உண்டாக்கினார்கள்; நோயை நிர்ணயிப்பதும் அறுவை செய்வதும் அவருக்கும் கூடும் என்பதால் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. கையை மாத்திரம் அல்லாமல் தீர்மானத்தையும் பகிர முற்பட்டதே அந்த எதிர்ப்புக்குக் காரணம்.

பற்றாக்குறை என்னும் வாதம்

எல்லை வேண்டும் என்பவர்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலிமையானது ஒன்றே. மருத்துவர் கிடைக்காத ஊரில் மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பது, ஒருவருமே செய்ய வேண்டாம் என்பதற்குச் சமம் அல்லவா என்று கேட்கிறார்கள். 1976-ல் தேசிய விவசாயக் கமிஷன், 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் என்று அளவு குறித்தது. 2019-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த கால்நடைகள் 53 கோடிக்கு மேல். '1962' என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியில் ஒரு மருத்துவரும் ஓர் உதவியாளரும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் இலட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பதே அத்திட்டத்தின் கணக்கு.

மருத்துவரல்லாதாரால் ஆன நன்மைக்கு உலக சாட்சியமும் உண்டு. மாடுகளைக் கொன்றுவந்த வெக்கை நோய் 2011-ல் பூமியிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணமானவர்களில், எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவெளியிலும் தெற்கு சூடானிலும் வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைச் சுமந்துகொண்டு, எந்த மருத்துவரும் போகாத பட்டிகளுக்கு நடந்தே சென்று ஊசி போட்ட மேய்ப்பர்களுக்கும் இடமுண்டு. ஆனால் அவர்கள் செய்தது ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே செயல். எதைப் போடுவது, எங்கே போடுவது என்ற தீர்மானம் அதற்கு முன்பே நிபுணர்களால் எடுக்கப்பட்டிருந்தது. பற்றாக்குறை கையைப் பெருக்குவதற்குக் காரணமாகலாம். தீர்மானத்தை மலிவாக்குவதற்குக் காரணமாகாது. கென்யா இதை உணர்ந்தே 2011-ல் மருத்துவர்களையும் துணை மருத்துவர்களையும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய முற்பட்டது.

செய்யத்தக்கவை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிபுகள் சில. முதலாவது, முப்பதாம் பிரிவின் மேற்பார்வை என்ற சொல்லுக்குப் பொருள் வரையறுக்க வேண்டும்; அப்பொருள் ஒன்றாக இராமல், செயலின் அபாயத்திற்கேற்பப் படிகளாக அமைய வேண்டும். இரண்டாவது, சிறு சேவைகளின் பட்டியலைச் செயலின் பெயரால் அன்றி, அதில் எவ்வளவு தீர்மானம் அடங்கியிருக்கிறது, தவறு நேர்ந்தால் திருத்த முடியுமா என்ற இரண்டு கேள்விகளால் வகுக்க வேண்டும். மூன்றாவது, 1984-ம் வருஷத்துச் சட்டத்தையும் 2023-ம் வருஷத்து விதிகளையும் ஒரே குரலில் பேச வைக்க வேண்டும். நான்காவது, கிளை நிலையத்து ஆய்வாளர் முதல் நகரத்துச் சிகிச்சை நிலைய உதவியாளர் வரையில், பிராணியின் உடலில் ஊசி செலுத்தும் ஒவ்வொருவரின் பெயரும் ஏதேனும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்; பெயர் இல்லாதவருக்குப் பயிற்சியும் அளிக்க முடியாது, பொறுப்பும் சுமத்த முடியாது.

இவற்றில் எதுவும் மருத்துவரின் உரிமையைப் பறிப்பதன்று. உதவியாளரைச் சிறுமைப்படுத்துவதும் அன்று. இன்றைய நிலையில் உண்மையாகவே சிறுமைப்படுத்தப்படுபவர் உதவியாளர்தாம். எல்லையை அவருக்குச் சொல்லாமலேயே, கடந்துவிட்டாய் என்று குற்றம் சாட்டும் சட்டத்தின்கீழ் அவர் வேலை செய்கிறார். அந்த எல்லையை அவருக்கு விளங்கும் சொற்களில் எழுதித் தருவதே அரசாங்கம் முதலில் செய்ய வேண்டிய காரியம்; அதை மீறினார் என்று தண்டிக்கும் நியாயம் அதற்குப் பிறகுதான் பிறக்கும்.